‘மூன்று வருடமாக’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ஃபார், சின்ஸ், இன், பை, அகோ குழப்பத்துக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஒருவர் “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்” என்று சொல்லியிருக்கிறார். அது பிழை என்று பிறகு தெரிந்திருக்கிறது. சின்ஸை எடுத்துவிட்டு ஃபார் போட்டால் சரியாகிவிடுமா? ஃபார், சின்ஸ், ஃப்ரம், இன், வித்தின், பை, அகோ என்று இத்தனை இருக்கும்போது எதை எங்கே போடுவது?

ஃபார் போட்டால் பாதிதான் சரியாகும். அந்த வாக்கியத்தில் பிழை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று சின்ஸ், இன்னொன்று ‘ஆம் வொர்க்கிங்’. முதல் பிழையைத் திருத்த இலக்கணப் புத்தகம் தேவையில்லை, நம் தமிழே வழி காட்டிவிடும். இரண்டாவதில் தமிழ் உதவாது. காலை வாரிவிடும் என்றுகூடச் சொல்லலாம். அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

தமிழில் யோசித்துப் பாருங்கள். ‘மூன்று வருடமாக’ என்கிறோம், ‘2019இலிருந்து’ என்கிறோம். நீளத்தைச் சொல்லும்போது ‘ஆக’ வருகிறது. தொடங்கிய இடத்தைச் சொல்லும்போது ‘இலிருந்து’ வருகிறது. ஆங்கிலத்தில் ஃபாரும் சின்ஸும் செய்வது இதே பிரிவினையைத்தான். மூன்று வருடமாக என்றால் ஃபார் த்ரீ இயர்ஸ். திங்கட்கிழமையிலிருந்து என்றால் சின்ஸ் மண்டே. ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்ற பிழை இந்தியா முழுக்கக் கேட்பதற்கு ஒரு காரணம், இந்தியில் இரண்டுக்கும் ‘ஸே’ என்ற ஒரே சொல் இருப்பது. ‘தோ சால் ஸே’ என்றும் ‘சோம்வார் ஸே’ என்றும் சொல்லிப் பழகியவருக்கு இந்த வித்தியாசம் புதிது. நமக்குப் புதிதில்லை. பேச்சில் ‘ரெண்டு நாள்லேர்ந்து காய்ச்சல்’ என்றும் சொல்கிறோம், உண்மைதான். அதையே ‘ரெண்டு நாளா’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், பொருத்தமாக இருக்கும். அப்படி மாற்ற முடிகிற இடத்திலெல்லாம் ஃபார்தான். ‘2019ஆக வேலை செய்கிறேன்’ என்று மாற்ற முடியாது, அங்கே சின்ஸ்.

இதில் வழுக்குகிற இடம் ‘லாஸ்ட்’ என்ற சொல். “சின்ஸ் லாஸ்ட் த்ரீ இயர்ஸ்” என்பதைப் பாதி பயோடேட்டாக்களில் பார்க்கலாம். லாஸ்ட் வந்தாலும் த்ரீ இயர்ஸ் நீளம்தான். ஆகவே “ஃபார் தி லாஸ்ட் த்ரீ இயர்ஸ்”. ‘தி’ கட்டாயம். “சின்ஸ் லாஸ்ட் மண்டே” சரி, ஏனென்றால் போன திங்கள் என்பது நாட்காட்டியில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு நாள். “சின்ஸ் லாங்” என்பதையும் விட்டுவிடுங்கள், “ஃபார் எ லாங் டைம்” போதும். “சின்ஸ் மார்னிங்” என்பது நம் நாட்டில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டவரிடம் “சின்ஸ் திஸ் மார்னிங்” என்றால் இயல்பாக இருக்கும்.

‘ஃபீவர் ஃப்ரம் டூ டேஸ்’ என்று டாக்டரிடம் சொல்வது இன்னொரு வகை. நம் ‘இலிருந்து’ ஃப்ரம், சின்ஸ் இரண்டின் வேலையையும் ஒன்றாகப் பார்ப்பதால் வரும் சிக்கல் இது. டாக்டர் அதையே கேஸ் ஷீட்டில் எழுதும்போது காய்ச்சல் என்று எழுதி, ஒரு பெருக்கல் குறி போட்டு, இத்தனை நாள் என்று எழுதுவார். அந்தப் பெருக்கல் குறியை ‘ஃபார்’ என்று வாசித்தால் சரியான ஆங்கிலம் கிடைத்துவிடும்.

ஃப்ரம் எப்போது வரும்? இரண்டு முனையும் தெரிந்தால் ஃப்ரம். “ஐ வொர்க்ட் தேர் ஃப்ரம் 2015 டு 2019.” இங்கே சின்ஸ் வராது. இனிமேல் தொடங்கப்போவதற்கும் ஃப்ரம்தான். “ஃப்ரம் மண்டே ஐ வில் பீ இன் கோயம்புத்தூர்.” கடந்த காலத்தில் தொடங்கி இந்த நிமிடம் வரை நீள்வதற்குத்தான் சின்ஸ். காலை பத்து மணியிலிருந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன், இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன் என்றால் “சின்ஸ் டென் ஓ கிளாக்”. பஸ் வந்து ஏறிய பிறகு கதையாகச் சொன்னால் “ஃப்ரம் டென் டு லெவன்”.

இனி இரண்டாவது பிழை. தமிழில் ‘மூன்று வருடமாக வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஜெர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும்கூட அவரவர் மொழியில் நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள். அதனால் ஆங்கிலம் பேசும்போது அவர்களும் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள். முன்பு தொடங்கி இன்னும் நடக்கிறது என்றால் ஆங்கிலம் வெறும் நிகழ்காலத்தை ஏற்காது. நேற்றையும் இன்றையும் சேர்த்துக் கட்ட அதற்கு ‘ஹேவ்’ வேண்டும். “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.” அல்லது “ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.” நேர்முகத் தேர்வில் இரண்டும் ஒன்றுதான், எதைச் சொன்னாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இதில் எதை எடுப்பது என்று மண்டையைக் குழப்பிக்கொண்டு தயங்குவதுதான் அங்கே கெடுதல்.

எல்லா வினைச்சொல்லுக்கும் ‘ஹேவ் பீன் … இங்’ வடிவம் ஒத்துவராது. தெரிந்திருப்பது, வைத்திருப்பது, பிடிப்பது போன்றவை ஒரு நிலையைச் சொல்பவை. “ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்”, “ஐ ஹேவ் ஹேட் திஸ் போன் ஃபார் டூ இயர்ஸ்” என்றுதான் வரும். ‘ஹேவ் பீன் நோயிங்’ என்று சொல்வதில்லை.

ஒரு நொடியில் நடந்து முடிகிற வினைகளும் இருக்கின்றன: சேர்வது, வாங்குவது, கல்யாணம் செய்வது, கிளம்புவது. மூன்று வருடமாக யாரும் ஒரு கம்பெனியில் ‘சேர்ந்துகொண்டே’ இருப்பதில்லை. அதனால் “ஐ ஹேவ் ஜாய்ன்ட் திஸ் கம்பெனி சின்ஸ் 2019” நிற்காது. சேர்ந்த நாளைச் சொல்ல வேண்டுமா, “ஐ ஜாய்ன்ட் இன் 2019”. சேர்ந்த பிறகு தொடரும் நிலையைச் சொல்ல வேண்டுமா, “ஐ ஹேவ் பீன் ஹியர் சின்ஸ் 2019”. கல்யாணமும் அப்படித்தான். “வீ காட் மேரிட் இன் 2012” என்பது தாலி கட்டிய நாள். “வீ ஹேவ் பீன் மேரிட் சின்ஸ் 2012” என்பது அதன் பிறகான வாழ்க்கை. நம் நேர்முகத் தேர்வுகளில் சின்ஸ் டூ இயர்ஸைவிட இந்த ‘ஹேவ் ஜாய்ன்ட்’ பிழைதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதை யாரும் திருத்துவதில்லை.

பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் ஒரு விதி இங்கே கெடுதல் செய்கிறது: ‘ஃபார், சின்ஸ் வந்தால் ஹேவ் பீன் போடு.’ கோடிட்ட இடத்தை நிரப்ப அது போதும், பேச்சுக்குப் போதாது. சின்ஸுக்கு அந்த விதி பெரும்பாலும் பொருந்தும். ஃபாருக்குப் பொருந்தாது, ஏனென்றால் ஃபார் நீளத்தை மட்டும்தான் சொல்கிறது, அந்த நீளம் இன்றைத் தொடுகிறதா என்று சொல்வதில்லை. இரண்டாம் எலிசபெத் 1952 பிப்ரவரியில் அரசியானார், 2022 செப்டம்பரில் மறைந்தார். “ஷி ரெய்ன்ட் ஃபார் செவன்ட்டி இயர்ஸ்” என்று இறந்தகாலத்தில்தான் சொல்ல வேண்டும். ‘ஹேஸ் ரெய்ன்ட்’ என்றால் இன்னும் அரியணையில் இருப்பதாக ஆகிவிடும். அவர் மகனைப் பற்றி என்றால் “சார்ல்ஸ் ஹேஸ் பீன் கிங் சின்ஸ் 2022”. உங்கள் பழைய கம்பெனியைப் பற்றிச் சொல்லும்போதும் இதே கணக்குதான். “ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்று சொன்னால், அப்படியானால் நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா என்று எதிரில் இருப்பவர் யோசிப்பார். விலகியாயிற்று என்றால் “ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்”, அவ்வளவுதான்.

வருங்காலத்துக்கும் ஃபார் வரும். அங்கே தமிழ் ‘ஆக’வை விட்டுவிட்டு ‘க்கு’வைப் பிடிக்கும். ‘இரண்டு வாரத்துக்கு ஊருக்குப் போகிறேன்’, “ஐ ஆம் கோயிங் ஹோம் ஃபார் டூ வீக்ஸ்”. நம்மிடம் இரண்டு உருபு, அவர்களிடம் ஒரே சொல்.

அடுத்தது ‘முன்பு’. தமிழர்களுக்கே உரிய பிழை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்: “ஐ கேம் டு சென்னை பிஃபோர் டூ இயர்ஸ்.” ‘இரண்டு வருடத்துக்கு முன்பு’ என்பதை அப்படியே தூக்கி வைத்தது. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆங்கிலத்தில் அகோ. அது நீளத்துக்குப் பிறகுதான் வரும்: “டூ இயர்ஸ் அகோ”. பிஃபோருக்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சியோ தேதியோ வர வேண்டும்: பிஃபோர் தி எக்ஸாம், பிஃபோர் பொங்கல், பிஃபோர் 2019. நீளத்தையும் நிகழ்ச்சியையும் சேர்த்தும் சொல்லலாம், “டூ டேஸ் பிஃபோர் தி வெட்டிங்”. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு. அகோ வந்தால் ஹேவ் வராது என்பதையும் சேர்த்தே மனதில் வையுங்கள். “ஐ ஹேவ் கம் டூ இயர்ஸ் அகோ” தவறு, “ஐ கேம் டூ இயர்ஸ் அகோ” சரி. “டூ இயர்ஸ் பேக்” என்று நாம் சொல்வதைச் சிலர் பிழை என்பார்கள். பேச்சில் அது பரவாயில்லை, இங்கிலாந்திலும் பேச்சில் கேட்கலாம். எழுத்தில் அகோ போடுங்கள்.

முன்புக்கு எதிர்ப்பக்கம் ‘கழித்து’. பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்பதை “ஐ வில் கால் யூ ஆஃப்டர் டென் மினிட்ஸ்” என்கிறோம். இலக்கணப்படி பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்பவருக்கு, பத்து நிமிடம் ஆகட்டும், அதற்குப் பிறகு எப்போதோ என்று படும். இந்த நிமிடத்திலிருந்து முன்னோக்கி எண்ணினால் அவர்கள் எதிர்பார்ப்பது இன்: “ஐ வில் கால் யூ இன் டென் மினிட்ஸ்.” நம்மிடமும் இது இருக்கிறதே, ‘பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன்’. அந்த ‘ல’தான் இன். நடந்து முடிந்த கதையில் ஆஃப்டர் தாராளமாக வரும்: “ஆஃப்டர் டென் மினிட்ஸ் தி பஸ் கேம்”, அல்லது “டென் மினிட்ஸ் லேட்டர்”.

இந்த இன்னுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அது ஃபாரோடு மோதுகிற இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு நாவலை “ஐ ரெட் தி நாவல் ஃபார் டூ டேஸ்” என்றால் இரண்டு நாள் படித்துக்கொண்டிருந்தேன், முடித்தேனா என்று சொல்லவில்லை. “ஐ ரெட் தி நாவல் இன் டூ டேஸ்” என்றால் இரண்டு நாளில் முடித்துவிட்டேன். தமிழில் ‘இரண்டு நாள் படித்தேன்’, ‘இரண்டு நாளில் படித்துவிட்டேன்’. அந்த ‘விட்டேன்’ எங்கே இயல்பாக ஒட்டுகிறதோ அங்கே இன். ஜீனோ வெண்ட்லர் என்ற தத்துவப் பேராசிரியர் 1957இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆங்கில வினைகளை நான்கு வகையாகப் பிரித்தார்: நிலை, செயல், முடிவுள்ள செயல், கணத்தில் நிகழ்வது. மொழியியல் வகுப்புகளில் இந்தப் பிரிவைச் சோதிக்க இன்றும் பயன்படுவது இந்த ஃபார், இன் ஜோடிதான். ஓடுவதற்கு முடிவு இல்லை, அதனால் “ரான் ஃபார் அன் அவர்”. ஐந்து கிலோமீட்டர் ஓடுவதற்கு முடிவு உண்டு, அதனால் “ரான் ஃபைவ் கிலோமீட்டர்ஸ் இன் ஹாஃப் அன் அவர்”. வினை ஒன்றுதான். தூரம் சேர்ந்ததும் சொல் மாறிவிடுகிறது.

இன்னின் இந்த இரண்டு வேலையும் ஆபீஸ் மெயிலில் சண்டையைக் கிளப்பும். “ஐ வில் ஃபினிஷ் தி ரிப்போர்ட் இன் டூ டேஸ்” என்றால் இன்றிலிருந்து இரண்டு நாளில் தருவேனா, எடுத்தால் இரண்டு நாள் வேலை என்கிறேனா? இரண்டு மாதிரியும் படிக்கலாம். கெடு என்றால் வித்தின், நம் ‘உள்ளாக’: “வித்தின் டூ டேஸ்”. இரண்டாவது நாள் முடிவதற்குள் எந்த நேரத்திலும் வரலாம். வேலையின் அளவு என்றால் “இட் வில் டேக் டூ டேஸ்” என்று டேக்கைப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

வித்தினோடு சேர்ந்து குழம்புவது பை. தமிழ் ‘க்குள்’ இரண்டுக்கும் பொது: ‘ஐந்து மணிக்குள்’, ‘இரண்டு மணி நேரத்துக்குள்’. ஆங்கிலத்தில் கடிகார நேரமோ தேதியோ என்றால் பை, நீளம் என்றால் வித்தின். “பை ஃபைவ் ஓ கிளாக்”, “வித்தின் டூ அவர்ஸ்”.

பை, டில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தமிழில் கண்ணாடி போலத் தெரியும்: ஒன்று ‘க்குள்’, மற்றொன்று ‘வரை’. ‘வெள்ளிக்குள் பணம் கட்டு’ என்றால் ஒருமுறை கட்டினால் போதும். ‘வெள்ளி வரை பணம் கட்டு’ என்றால் தினமும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனாலும் “ப்ளீஸ் சப்மிட் தி ஃபார்ம் டில் ஃப்ரைடே” என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்டில், டில் இரண்டும் பொருளில் ஒன்றே.

டில்லில் இன்னொரு தொல்லை. “ஐ ஆம் ஆன் லீவ் டில் ஃப்ரைடே” என்றால் வெள்ளிக்கிழமை லீவா, வேலையா? ஆங்கிலம் பேசிப் பிறந்தவர்களும் இதில் சண்டை போடுவார்கள். அமெரிக்கர்கள் “மண்டே த்ரூ ஃப்ரைடே” என்பார்கள். அதில் வெள்ளியும் சேர்ந்துவிடும், சந்தேகம் இல்லை. பிரிட்டிஷ்காரருக்கு அது அவ்வளவு பழக்கம் இல்லை. எல்லாருக்கும் புரிய வேண்டும் என்றால் திரும்பி வரும் நாளைச் சேர்த்துவிடுங்கள்: “ஐ வில் பீ பேக் ஆன் மண்டே.”

இப்போது ஒரே நிகழ்ச்சியை எடுத்து எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்க்கலாம். 2020 மார்ச் 24ஆம் தேதி இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மறுநாளிலிருந்து 21 நாள், ஏப்ரல் 14 வரை. பிறகு மே 3 வரை நீட்டினார்கள். ஆங்கிலத்தில் சொன்னால், “இட் வாஸ் அனவுன்ஸ்ட் ஆன் 24 மார்ச்” என்பது அறிவித்த நாள். “ஃப்ரம் 25 மார்ச் டு 14 ஏப்ரல்” என்றால் இரண்டு முனை. “ஃபார் 21 டேஸ்” என்றால் நீளம். “எக்ஸ்டெண்டட் அன்டில் 3 மே” என்றால் வரை. ஏப்ரல் 10ஆம் தேதி ஒருவர் போனில் பேசியிருந்தால் “வீ ஹேவ் பீன் அட் ஹோம் சின்ஸ் 25 மார்ச்” என்றிருப்பார், அப்போது அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு நாம் அதைச் சொன்னால் “வீ வேர் அட் ஹோம்”. அந்தச் சமயத்தில் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டேன் என்றால் “டியூரிங் தி லாக்டவுன்”.

டியூரிங்குக்குப் பின்னால் ஒரு பெயர் வர வேண்டும்: டியூரிங் தி ரெய்னி சீசன், டியூரிங் தி மீட்டிங். ‘எப்போது’ என்ற கேள்விக்கு அது பதில். ‘எவ்வளவு நேரம்’ என்பதற்கு ஃபார். “டியூரிங் த்ரீ வீக்ஸ்” என்று எண்ணை வைத்தால் ஒட்டாது.

மிச்சம் சில துண்டுகள். ஆல் டே, ஆல் நைட், தி ஹோல் வீக் இவற்றுக்கு முன்னால் ஃபார் வேண்டாம். “ஐ வெய்ட்டட் டூ அவர்ஸ்” என்று பேச்சில் ஃபாரை விழுங்கலாம். ஆனால் இல்லை என்று சொல்லும்போது விழுங்கக் கூடாது: “ஐ ஹேவன்ட் ஸ்லெப்ட் ஃபார் டூ டேஸ்.” அங்கே ஃபாருக்குப் பதில் இன் போடுவதும் உண்டு, “ஐ ஹேவன்ட் சீன் ஹர் இன் இயர்ஸ்”. அமெரிக்கப் பேச்சில் இது அதிகம். சேர்ந்து எவ்வளவு நாளாயிற்று என்ற கேள்விக்கு “இட் ஹேஸ் பீன் த்ரீ இயர்ஸ் சின்ஸ் ஐ ஜாய்ன்ட்” என்ற வாக்கியத்தைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். ‘நான் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது’ என்பதற்கு இதுதான் நேரானது. அதில் சின்ஸுக்குப் பின்னால் வருவது சேர்ந்த கணம், மூன்று வருடம் முன்னாலேயே போய்விட்டது, கவனியுங்கள்.

நீளத்தை இன்னொரு பெயரோடு ஒட்டும்போது பன்மை எஸ் விழுந்துவிடும். ஐந்தாண்டுத் திட்டம் ‘ஃபைவ்-இயர் ப்ளான்’தான், ‘ஃபைவ் இயர்ஸ் ப்ளான்’ கிடையாது. “எ டூ-அவர் மீட்டிங்”, “எ டென்-மினிட் பிரேக்” எல்லாம் அதே மாதிரி. பயோடேட்டாவில் அனுபவத்தை எழுதும்போது மட்டும் எஸ் நிற்கும், “த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்”. நடுவில் ‘ஆஃப்’ வேண்டாம் என்றால் இயர்ஸுக்குப் பிறகு மேலே ஒரு காற்புள்ளி போட வேண்டும். வேலையை விடும்போது கொடுக்கிற ‘டூ மந்த்ஸ் நோட்டீஸ்’ கடிதத்திலும் அந்தப் புள்ளி எஸ்ஸுக்குப் பின்னால்தான் வரும், முன்னால் போட்டுவிடாதீர்கள்.